போயிட்டு வா, குண்டுமணி

காலை நீட்டிப் படு கண்ணு. போர்வை வயித்து வரைக்கும் இருந்தாப் போதும். நான் கதை சொல்லச் சொல்ல நீ ம் கொட்டணும். ம் நின்னா கதையும் நின்னுடும். சரியா?

"ம்."

ஒரு ஊர்ல ஒரு ஆறு இருந்துச்சாம். ஆறுன்னதும் தண்ணின்னு நினைச்சுக்காதே. அது மழைக்காலத்துல மட்டும் ஓடற ஆறு. பொங்கல் கழிஞ்சா தண்ணி இளைச்சு இளைச்சு வாய்க்கால் அளவு ஆயிடும். அப்புறம் அதுவும் காணாமப் போயி, இந்தக் கரையில இருந்து அந்தக் கரை வரைக்கும் வெறும் மணல்தான். அந்த மணல்ல குழி வெட்டி, எருவைப் போட்டு, வெள்ளரி விதையும் கிர்ணி விதையும் ஊனுவாங்க. பக்கத்துலயே இன்னும் ஆழமாத் தோண்டுனா ஊத்துத் தண்ணி கசியும். அதைக் குடத்துல மொண்டு மொண்டு ஊத்துனா, ஆத்து நடுவுல பச்சைப் பாயை விரிச்ச மாதிரி கொடி படர்ந்துடும்.

அந்த ஆத்துல வேம்புலின்னு ஒருத்தன். அவன் பொண்டாட்டி பேரு பச்சையம்மா. கோடை முழுக்க ரெண்டு பேரும் மணல் மேலயே ஓலைக் குடிசை போட்டு, கொடியைக் காவல் காத்தாங்க.

யாருக்குப் பயந்து காவல்? நரிக்குத்தான். ஆத்துல கீழ்ப்பக்கம் ஒரு நாணல் திட்டு இருந்துச்சு. அதுல மூணு நரி குடியிருந்துச்சு. கிர்ணிப்பழம் பழுத்து வாசம் கமகமன்னு வந்தாப் போதும். பொழுது சாயறப்போ மூக்கைத் தூக்கிக்கிட்டு பொதக் பொதக்னு மணல்ல நடந்து வரும். இந்தப் பழத்துல ஒரு கடி, அந்தப் பழத்துல ஒரு கடி. ஒண்ணையும் முழுசாத் தின்னாது.

"ஏன் முழுசாத் தின்னாது?"

நரிக்கு அம்மா இல்ல, தட்டைக் காலி பண்ணுன்னு சொல்ல. ம் கொட்டு.

"ம்."

அப்போ வேம்புலி என்ன பண்ணான், அவங்க அக்கா வீட்டுக்குப் போயி ஒரு நாய்க்குட்டியைத் துண்டுல சுத்திக் கொண்டு வந்தான். உடம்பெல்லாம் செவப்பு, மூஞ்சி மட்டும் கறுப்பு. குண்டுமணி விதை பார்த்திருக்கே இல்ல, அதே மாதிரி. அதனால பேரும் குண்டுமணி. வழியெல்லாம் அதை நெஞ்சோட அணைச்சுக்கிட்டு, "நீ என் நாய், என் நாய்"னு சொல்லிக்கிட்டே வந்தான்.

இந்த வேம்புலி நல்லவன்தான். வேலைக்கு அஞ்சாதவன். ஆனா அவனுக்கு ஒரு கோளாறு இருந்துச்சு. பொறாமை.

"பொறாமைன்னா?"

மத்தியானம் உங்க அண்ணன் அப்பளம் உன் அப்பளத்தை விடப் பெருசுன்னு அழுதியே, அது. உனக்கு அது அப்பளத்தோட போச்சு. வேம்புலிக்கு மூணு வேளையும் இருந்துச்சு. பக்கத்துத் தோட்டத்துல துரைக்கண்ணு மாமாவோட வெள்ளரி ஒரு விரல் நீளமா இருந்தா இவனுக்கு வயிறு கபகபன்னு எரியும். அவரு குடத்துல தண்ணி சீக்கிரம் ரொம்புனா எரியும். பச்சையம்மா யாரோடயாவது சிரிச்சுப் பேசுனா இன்னும் எரியும். தன் கையில இருக்கறது எல்லாம் வேற கைக்குப் போயிடும், போனது திரும்பி வராதுன்னு அவனுக்கு உள்ளுக்குள்ள ஒரு பயம். அதனால எதையும் இறுக்கிப் பிடிப்பான்.

பச்சையம்மாவோட அம்மா வீடு அக்கரையில இருந்துச்சு. மணல்ல குறுக்கே நடந்தா, உலை வெச்சு அரிசி வேகற நேரம்தான். ஆனாலும் "ஒரு எட்டுப் போறேன்யா"ன்னு அவ கேட்டா இவன் மூஞ்சி தொங்கிடும்.

"அங்கே போனா உனக்கு இங்கே நினைப்பு இருக்குமா?"ன்னு கேப்பான்.

அவ குடத்தைத் தூக்கிக்கிட்டு ஊத்துக்குப் போயிடுவா.

"ம்."

அப்புறம் குண்டுமணி வளர்ந்துச்சு. காது நிமிர்ந்துச்சு, குரல் தடிச்சுச்சு. நரி வாசம் பட்டாப் போதும், வவ் வவ்னு குரைச்சுக்கிட்டு சரசரன்னு மணலைக் கிளப்பிக்கிட்டுப் பாயும். நரி ஓடும். இது விடாம நாணல் திட்டு வரைக்கும் துரத்தும். அதுவரைக்கும் நல்லதுதான். ஆனா திட்டுக்குள்ள மூணு நரியும் ஒண்ணாச் சேர்ந்தா ஒத்தை நாயைக் கிழிச்சுப் போட்டுடும். அதனால திட்டுக்கு இந்தப் பக்கமே அதைத் திரும்பக் கூப்பிடணும்.

வேம்புலி தொண்டை கிழியக் கூப்பிடுவான். "குண்டுமணி, தோ தோ தோ. வா இங்கே." நாய் நின்னு ஒரு தரம் திரும்பிப் பாக்கும். மறுபடி ஓடும்.

அப்புறம் பச்சையம்மா குடிசை வாசல்ல இருந்து, சத்தம் கூட ஏத்தாம, "குண்டுமணி, வா"ன்னுவா. அவ்வளவுதான். மணல் பறக்க, நாக்கு தொங்க, அவ கால்கிட்ட வந்து நிக்கும்.

இதை துரைக்கண்ணு மாமா பார்த்துட்டாரு. வாய் சும்மா இருக்குமா?

"ஏம்பா வேம்புலி, அந்த நாய் உன்னுதா, உன் பொண்டாட்டியுதா?"

"என்னுதுதான் மாமா."

"அப்படியா? அது நாய்க்குத் தெரியுமா?"

வேம்புலிக்கு வயித்துல அடுப்பு மூட்டுன மாதிரி ஆயிடுச்சு. நேராப் போயி பொண்டாட்டி எதிர்ல நின்னான்.

"நாய்க்கு என்ன மருந்து வெச்சே?"

"அதோட சோத்துக்கு நான் உப்பு கூடப் போடறதில்ல. மருந்து எங்கே போட?"

அவன் நம்பல. சோத்துலதான் ஏதோ இருக்குன்னு முடிவு பண்ணிட்டான். மறுநாள் சந்தைக்குப் போயி நெத்திலிக் கருவாடு வாங்கிட்டு வந்தான். நாய் தூரமா இருக்கறப்போ கருவாட்டைத் தூக்கிக் காட்டி, "குண்டுமணி, வா"ன்னான். வாசம் பிடிச்சு நாய் ஓடி வந்துச்சு. இவன் கருவாட்டைக் குடுத்தான், குடுத்த கையோட லபக்னு கழுத்தைப் பிடிச்சுக் கட்டிப் போட்டான். என்னுதுன்னு ஊருக்குத் தெரியணும் இல்ல?

அதுக்கு அப்புறம் நாய் என்ன பண்ணுச்சு? கருவாட்டைக் காட்டுனா வரும். கழுத்தை எட்டி நீட்டி, நுனிப் பல்லால கவ்விக்கிட்டு, இவன் கை நகர்றதுக்குள்ள விருட்டுனு ஓடிடும். கருவாடு இல்லாத கையைப் பார்த்தா வரவே வராது.

"கருவாடு போச்சு."

ஆமா, போச்சு. அப்புறம் அவன் யோசிச்சான். சோறு இல்லைன்னா, அவ குரல்லயும் சேலையிலயும்தான் ஏதோ இருக்குன்னு. பச்சையம்மா ஊத்துக்குப் போன நேரமாப் பார்த்து, அவ பச்சைச் சேலையை எடுத்துச் சுத்திக்கிட்டு, தலையில முக்காடு போட்டு, குரலை ஒடுக்கிக்கிட்டு, "குண்டுமணீ, வாம்மா"ன்னு கூப்பிட்டான்.

நாய் சந்தோஷமா ஓடி வந்துச்சு. கிட்ட வந்து, மோந்து பார்த்துச்சு. ஹச்சுனு ஒரு தும்மல் போட்டுச்சு. திரும்பிப் போயிடுச்சு.

அந்த நேரம் பார்த்து துரைக்கண்ணு மாமா வெள்ளரிக் கூடையோட அந்தப் பக்கம் வந்தாரு. நின்னாரு. மேலயும் கீழயும் பார்த்தாரு.

"ஏம்மா பச்சையம்மா, மீசை எப்போ முளைச்சுது? வேம்புலி உன்னை நல்லாத்தான் கவனிச்சுக்கறான் போல"ன்னு சொல்லிட்டு நடந்துட்டாரு.

என்ன, சிரிக்கறியா? தூங்கச் சொன்னா சிரிக்கறே. சரி, கண்ணை மூடிக்கிட்டுச் சிரி.

"ம்."

மூணாவதா, கயிறு. "வரலைன்னா என்ன, போகவே விட மாட்டேன்"னு சொல்லி, தோட்டத்து நடுவுல ஒரு முளை அடிச்சு, தாம்புக் கயித்துல நாயைக் கட்டிட்டான். குண்டுமணி நாள் முழுக்க முளையைச் சுத்திச் சுத்தி வந்துச்சு.

பொழுது சாய்ஞ்சுது. நரி மூணும் வந்துச்சு. நாய் வவ் வவ்னு பாய்ஞ்சுது. கயிறு விண்ணுன்னு இழுத்துச்சு.

முதல் நரி கேட்டுச்சாம், "கயிறு எதுவரைக்கும்?"

ரெண்டாவது நரி சொல்லுச்சாம், "அதோ, அந்த வெள்ளரிக் கொடி வரைக்கும்."

மூணாவது நரி, "அப்போ இங்கே உக்காருவோம்"னுச்சாம்.

கயிறு எட்டாத இடத்துல, ஒரு முழம் தள்ளி, மூணும் வரிசையா உக்காந்து, நாய் மூஞ்சியைப் பார்த்துக்கிட்டே கிர்ணிப்பழத்தைக் கடிச்சுதுங்க. சப்பு சப்புனு சத்தம் வேற.

நாய்க்குப் பொறுக்கல. கயித்தை நறநறன்னு கடிச்சு அறுத்துக்கிட்டு ஓடுச்சு. திட்டு வரைக்கும் துரத்துச்சு. கூப்பிட்டுப் பார்த்தாங்க, அன்னைக்குப் பச்சையம்மா குரலும் எட்டல. விடிஞ்ச அப்புறம், ஒரு காது கிழிஞ்சு, நொண்டி நொண்டி, தானாத் திரும்பி வந்துச்சு. வந்து நேரா வேம்புலி காலடியிலதான் படுத்துச்சு. அன்னைக்கு ஏனோ அவன்கிட்டதான் வந்துச்சு.

அவன் என்ன பண்ணான் தெரியுமா? பயந்த பயம் எல்லாம் கோவமா மாறி, கையில கிடைச்ச குச்சியை எடுத்து, "எங்கே போனே, எங்கே போனே"ன்னு ரெண்டு போட்டான். நாய் கய் கய்னு கத்திக்கிட்டு ஓடிப் போச்சு.

பச்சையம்மா அடுப்பை விட்டு எழுந்து வந்தா.

"அது போனது ராத்திரி. வந்தது இப்போ. நீ அடிச்சது எதுக்குன்னு அது நினைச்சுக்கும்?"

"போனதுக்குத்தான்."

"வந்த உடனே அடிச்சா, வந்ததுக்குத்தான்யா அடி. அதுக்கு அப்படித்தான் தெரியும்."

அப்புறம் பாரு, குண்டுமணி அவன் பக்கமே வரல. அவன் உக்காந்தா, கயிறு எவ்வளவு நீளமோ அவ்வளவு தள்ளி உக்காரும். அவன் எழுந்து ஒரு அடி வெச்சா, அதுவும் எழுந்து ஒரு அடி தள்ளிப் போகும்.

"ம்..."

வேம்புலிக்கு அவமானம். "எனக்கு வராத நாய் எதுக்கு? அடுத்த சந்தை அன்னைக்கு யாருக்காவது குடுத்துடறேன். உனக்கும் வேணாம், எனக்கும் வேணாம்"னுட்டான். பச்சையம்மா கண்ணு கலங்கிடுச்சு. "சந்தை வர்றதுக்குள்ள அது உன் குரலுக்கு வந்துட்டா?"ன்னு கேட்டா.

"வந்தா இருக்கட்டும்."

அன்னைக்கு மத்தியானம் அவன் ஒளிஞ்சு பாக்கறதுன்னு முடிவு பண்ணான். அவ மருந்து எப்படி வெக்கறான்னு கையும் களவுமாப் பிடிக்கணும். ஊத்துக் குழிக்குள்ள எறங்கி, முட்டி அளவு தண்ணியில நின்னுக்கிட்டு, கண்ணை மட்டும் மணலுக்கு மேல வெச்சுப் பார்த்தான்.

பச்சையம்மா களை எடுத்துக்கிட்டு இருந்தா. நடுவுல நிமிர்ந்து, "குண்டுமணி, வா"ன்னா. நாய் வந்துச்சு. காதுக்குப் பின்னால சொறிஞ்சு விட்டா. மடியில இருந்து ஒரு துண்டு வெள்ளரிக்காயை எடுத்து வாயில போட்டா, அது நறுக் நறுக்னு தின்னுச்சு. அப்புறம் முதுகுல தட்டி, "போயிட்டு வா"ன்னா. நாய் ஓடிப் போச்சு.

வேம்புலிக்கு ஒண்ணும் புரியல. கூப்பிட்டு வந்த நாயை எதுக்கு விரட்டறா?

சித்த நேரம் கழிச்சு மறுபடி கூப்பிட்டா. வந்துச்சு. இந்தத் தடவை வெள்ளரி கூட இல்ல, தடவிக் குடுத்தா, அவ்வளவுதான். "போயிட்டு வா." ஓடிப் போச்சு.

மூணாவது தடவை கூப்பிடறப்போ அது ஒரு ஓணானைப் பார்த்துக்கிட்டு வராம நின்னுச்சு. அவ துரத்திப் போகல. ரெண்டாவது தரம் கூப்பிடவும் இல்ல. முதுகைக் காட்டித் திரும்பி, விடுவிடுன்னு வேற பக்கம் நடந்தா. நாய் பார்த்துச்சு. ஐயோ, என்னை விட்டுட்டுப் போறாளேன்னு ஓணானை மறந்துட்டு தடதடன்னு அவ பின்னால ஓடுச்சு.

அப்போதான் காத்து மாறி வீசுச்சு. நாய் மூக்கைத் தூக்குச்சு. நேரா ஊத்துக்கு வந்து, குழியைப் பார்த்து வவ் வவ்னு குரைச்சுச்சு. பச்சையம்மா வந்து எட்டிப் பார்த்தா.

"ஊத்துல என்னய்யா பண்றே?"

"தண்ணி கசியுதான்னு பார்த்தேன்."

"முட்டி வரைக்கும் நிக்கறதைப் பார்த்தா நல்லாத்தான் கசியுது"ன்னு சொல்லி, கையைக் குடுத்து அவனைத் தூக்கி விட்டா.

"ம்..."

சாப்பிடறப்போ மெதுவாக் கேட்டான். "வந்த நாயை எதுக்குப் போயிட்டு வான்னு அனுப்பறே? அது என்ன விருந்தாளியா?"

அவ கூழைக் கரைச்சுக்கிட்டே சொன்னா. "நீ எப்போ அதை வான்னு கூப்பிட்டே, யோசிச்சுப் பாரு. கட்டறதுக்குக் கூப்பிட்டே. குளிப்பாட்டக் கூப்பிட்டே. திட்டக் கூப்பிட்டே. உன் வான்ற சொல்லுக்குப் பின்னால ஒரு கயிறு இருக்குன்னு அது கண்டுபிடிச்சுடுச்சு. நான் கூப்பிட்டா வரும், வந்தாத் திரும்ப விளையாடப் போகலாம். அப்போ வர்றதுக்கு அதுக்கு என்ன கஷ்டம்?"

"விட்டது அப்படியே போயிடுச்சுன்னா?"

"அந்தப் பயம் எனக்கும் உண்டு. அதனாலதான் வெறும் போன்னு சொல்றதில்ல. நாம யாரையாவது போன்னு வழி அனுப்புவோமா? போயிட்டு வான்னுதானே சொல்லுவோம்."

சொல்லிட்டு அவன் மூஞ்சியைப் பார்த்தா. அவன் கூழைப் பார்த்துக்கிட்டு இருந்தான்.

அப்புறம் வேம்புலி பழக ஆரம்பிச்சான். மடியில வெள்ளரித் துண்டு. "குண்டுமணி, வா." நாய் பாதி தூரம் வந்து, கயிறு நீளத்துல உக்காந்து, அவன் கையையே பார்த்துச்சு. அவனுக்குக் கை பரபரன்னுது, ஒரே எட்டுல பிடிச்சுடலாம்னு. கையைப் பின்னால கட்டிக்கிட்டான். துண்டை அது பக்கத்துல போட்டான். "போயிட்டு வா"ன்னான். நாய் வெள்ளரியைத் தின்னுட்டு நேரா எங்கே போச்சு தெரியுமா? பச்சையம்மாகிட்ட. வாலை ஆட்டிக்கிட்டு.

வயிறு எரிஞ்சுதே. எரியட்டும்னு மறுபடி கூப்பிட்டான்.

நாளாக நாளாக அந்தக் கயிறு நீளம் குறைஞ்சுது. முழமாச்சு. சாணாச்சு. ஒரு சாயங்காலம் அவன் கூப்பிட்டப்போ அது ஓடி வந்து, ஈர மூக்கை அவன் உள்ளங்கையில வெச்சுச்சு. அவன் பிடிக்கல. காதுக்குப் பின்னால சொறிஞ்சான். கிழிஞ்ச காது ஆறிப் போயிருந்துச்சு. "போயிட்டு வா"ன்னான். சந்தை வந்துச்சு, போச்சு. யாரும் நாயைப் பத்திப் பேசல.

கதை முடியலை. ம் எங்கே?

"ம்..."

அப்போ அக்கரையில இருந்து சேதி வந்துச்சு, பச்சையம்மா தங்கச்சிக்கு வளைகாப்புன்னு. அவ கேக்கவே இல்ல. கேட்டு என்ன ஆகப் போகுதுன்னு சும்மா இருந்தா. ஆனா பெட்டியில இருந்து அந்தப் பச்சைச் சேலையை எடுத்து, மடிச்சு, மறுபடி உள்ளே வெச்சதை அவன் பார்த்தான்.

மறுநாள் காலையில அவனே நல்ல கிர்ணிப் பழமாப் பார்த்துப் பறிச்சு, கூடையில அடுக்கி, அவ முன்னால வெச்சான். அங்கே அவ சிரிச்சுக்கிட்டு இருப்பா, இங்கே நான் தனியா இருப்பேன்னு நினைக்கறப்பவே நெஞ்சு காந்துச்சு. இருந்தாலும் சொன்னான்.

"போயிட்டு வா."

பச்சையம்மா கூடையைத் தலையில வெச்சுக்கிட்டு நடந்தா. அக்கரை ஏறி மறையறதுக்குள்ள அவ திரும்பிப் பார்த்தாளா இல்லையான்னு அவனுக்குத் தெரியல. வெயில் கண்ணைக் கூசுச்சு.

அன்னைக்கு மத்தியானம் மேற்கு மலை மேல மேகம் கன்னங்கரேல்னு இறங்குச்சு. இங்கே ஒரு சொட்டு மழை இல்ல. ஆனா ஊத்துத் தண்ணி கலங்குச்சு. குழியில நீர் மெல்ல மெல்ல ஏறுச்சு. துரைக்கண்ணு மாமா அதைப் பார்த்துட்டு, கூடையைக் கீழே போட்டாரு. "வேம்புலி, மலையில பேஞ்சிருக்கு. ஆறு வருது. கரைக்கு ஓடு."

தூரத்துல ஹோன்னு ஒரு சத்தம். ஆயிரம் மாட்டு வண்டி ஒண்ணா வர்ற மாதிரி. மணல்ல வேலை செஞ்சவங்க எல்லாம் இந்தக் கரைப் பக்கம் ஓடுனாங்க. வேம்புலி குடிசைக்குள்ள பார்த்தான், வெளியே பார்த்தான். குண்டுமணி இல்ல. கீழே, நாணல் திட்டு ஓரமா ஒரு செவப்புப் புள்ளி. நரியைத் துரத்திக்கிட்டுப் போகுது.

"ஓடிப் போயி பிடிச்சுட்டு வாடா"ன்னாரு மாமா.

வேம்புலி காலு ஒரு அடி வெச்சிடுச்சு. அப்புறம் நின்னுச்சு. நாம துரத்துனா அது விளையாட்டுன்னு நினைச்சு இன்னும் ஓடும். கூப்பிட்டா? பச்சையம்மா இல்ல. அவன் குரல் மட்டும்தான் இருக்கு.

கூப்பிட்டான். ஒரே ஒரு தரம். "குண்டுமணி, வா."

செவப்புப் புள்ளி நின்னுச்சு. திரும்பிப் பார்த்துச்சு. வருமா, வராதா?

வேம்புலி அதுக்கு முதுகைக் காட்டித் திரும்பிட்டான். கரையைப் பார்த்து ஓடுனான். அவன் வாழ்க்கையில அவ்வளவு கஷ்டமான காரியம் வேற எதுவும் செஞ்சதில்ல. திரும்பிப் பாக்கணும்னு கழுத்து துடிக்குது. பார்த்தா நின்னுடுவான். நின்னா அதுவும் நின்னுடும். பாக்காம ஓடுனான். மணல் கால் அடியில ஈரமாச்சு. சளக் சளக்னு தண்ணி. ஹோன்னு சத்தம் கிட்ட வந்துடுச்சு. நாணல் வேரைப் பிடிச்சுக் கரை மேல ஏறி, அப்படியே விழுந்து கண்ணை மூடிக்கிட்டான்.

உள்ளங்கையில ஈரமா ஒண்ணு வந்து இடிச்சுது.

மூக்கு.

"குண்டுமணியா?"

ஆமா கண்ணு, குண்டுமணிதான். அது ஏறுன மறு மூச்சுல, செம்மண் நிறத்துல தண்ணி சுருட்டிக்கிட்டு வந்து குடிசையைத் தூக்குச்சு, கொடியைத் தூக்குச்சு, கிர்ணிப் பழம் எல்லாம் உருண்டு உருண்டு போச்சு. நரி மூணும் என்ன ஆச்சுன்னு கேக்காதே, அதுங்க நம்ம எல்லாரையும் விடச் சீக்கிரம் அக்கரை ஏறியிருக்கும். வேம்புலி நாய் கழுத்தைத் தடவுனான். இடுப்புல தாம்புக் கயிறு இருந்துச்சு. அதை எடுத்துத் தண்ணியில போட்டான். "போயிட்டு வா"ன்னான். அன்னைக்கு அது எங்கேயும் போகல. அவன் கால் மேல தலையை வெச்சுப் படுத்துக்குச்சு.

ம் சொல்லு.

"ம்..."

அப்புறம் ஆறு ஓடிக்கிட்டே இருந்துச்சு. இக்கரையில இவன், அக்கரையில அவ. கூப்பிட்டா கேக்காது, அவ்வளவு இரைச்சல். துரைக்கண்ணு மாமா பக்கத்துல வந்து உக்காந்தாரு. "குடிசை போச்சு, கொடி போச்சு. அங்கே அம்மா கையால சோறு. எதுக்கு வருவா?"ன்னாரு. சும்மா சீண்டறதுக்குத்தான் சொன்னாரு. ஆனா இவன் வயித்துல அந்தப் பழைய அடுப்பு குபுகுபுன்னு பத்திக்கிச்சு. தினமும் கரையில உக்காந்து அந்தப் பக்கமே பார்த்தான். நாயும் பார்த்துச்சு.

தண்ணி இடுப்புக்கு வந்துச்சு. அப்புறம் முட்டிக்கு வந்துச்சு. அப்போ ஒரு காலையில, அக்கரையில பச்சையா ஒண்ணு இறங்குச்சு. சேலையைத் தூக்கிச் சொருகிக்கிட்டு, தலையில மூட்டையோட.

குண்டுமணி எழுந்துச்சு. உடம்பெல்லாம் நடுங்குது. ஊய் ஊய்னு முனகுது. ஆனா ஓடல. வேம்புலி மூஞ்சியைப் பார்த்துச்சு.

"போயிட்டு வா"ன்னான்.

தொபுக்னு குதிச்சு, சளப் சளப்னு நீஞ்சி, நடு ஆத்துல அவளைப் போயித் தொட்டுச்சு. அவளைச் சுத்துச்சு. அப்புறம் திரும்பி இவன்கிட்ட வந்துச்சு. உதறி இவனை நனைச்சுச்சு. மறுபடி அவகிட்ட. மறுபடி இவன்கிட்ட. ரெண்டு பேரும் பக்கத்துல வந்து சேர்ற வரைக்கும் அதுக்கு நிக்க நேரமில்ல.

வேம்புலிக்கு வயிறு எரியலையான்னு கேளு. எரிஞ்சுது, கொஞ்சூண்டு. முதல்ல அவளைத்தானே போயித் தொட்டுச்சு.

பச்சையம்மா கரையேறி, மூட்டையை இறக்கி வெச்சு, மணல்ல குடிசை இருந்த இடத்தைப் பார்த்தா. ஒண்ணும் இல்ல அங்கே.

"நீ வர மாட்டேன்னு மாமா சொன்னாரு"ன்னான் வேம்புலி.

"போன்னு மட்டும் நீ சொல்லியிருந்தா யோசிச்சிருப்பேன்"னா அவ. மூட்டையை அவிழ்த்தா. உள்ளே வெள்ளரி விதை, கிர்ணி விதை. "பிடி. தண்ணி வத்துனதும் ஊனணும்."

அவ்வளவுதான் கண்ணு. தண்ணி வத்துச்சு, விதை மண்ணுக்குள்ள போச்சு, குண்டுமணி ரெண்டு பேருக்கும் நடுவுல சுருண்டு படுத்துச்சு.

ம் சொல்லு.

ம் சொல்ல மாட்டியா?

சரி. நான் துரத்தி வரல. தூக்கத்துக்குப் போயிட்டு வா.